பன்னிரண்டு வீட்டுச் சட்டி

கிட்ட வந்து உட்காருங்கள், இன்னும் கொஞ்சம் கிட்ட. ஃபேன் போடுகிற சத்தத்தில் பாதிக் கதை காற்றோடு போய்விடும், அப்புறம் மீதிப் பாதியைக் கேட்டுவிட்டு வெளியே போய்த் தப்பும் தவறுமாகச் சொல்லிக்கொண்டு திரிவீர்கள். காலை நீட்டுகிறவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள். பசிக்கிறவர்கள் இப்போதே எதையாவது வாயில் போட்டுவிட்டு வாருங்கள், இது முழுக்க முழுக்கச் சாப்பாட்டுக் கதை, வெறும் வயிற்றோடு கேட்டால் சொல்கிறவர் மேல் கோபம் வரும்.

கோவில்பட்டிக்குத் தெற்கே, ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி நடுங்குகிற தூரத்தில், ஹவுசிங் போர்டு குடியிருப்பில் டி பிளாக் என்று ஒன்று இருக்கிறது. மூன்று மாடி, மாடிக்கு நாலு வீடு, ஆக மொத்தம் பன்னிரண்டு வீடு, அத்தனை வீட்டுக்கும் ஒரே மாடிப்படி, ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே மோட்டார், அந்த மோட்டாரை யார் அணைக்காமல் போனது என்று தினம் ஒரே சண்டை. அங்கே கீழ் வரிசையில் மூன்றாம் நம்பர் வீட்டில் ஆவுடைத்தங்கம் இருந்தாள். வயது ஐம்பத்தொன்று. மகள் திருப்பூரில், மகன் ஓசூரில். வீட்டுக்காரர் கருத்தப்பாண்டி பஸ் கண்டக்டர், பகலெல்லாம் "ஏறு, எறங்கு, உள்ள போ" என்று கத்திக் கத்தி, கொண்டுவந்த வாயைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வருகிற மனுஷன். இருபத்தேழு வருஷமாக அவள் போட்டதைத் தின்றார், கையைக் கழுவினார், படுத்தார். நல்லா இருக்கு என்றும் சொன்னதில்லை, நல்லா இல்லை என்றும் சொன்னதில்லை. சொல்லாமலே இருந்ததில் அவளுக்கே தன் குழம்பு எப்படி இருக்கிறது என்று தெரியாமல் போய், கொஞ்சம் கொஞ்சமாக நாக்கு செத்து, கடைசியில் அடுப்புக்கு முன்னால் நிற்கிறதும் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறதும் அவளுக்கு ஒன்றுபோல ஆகிவிட்டது.

அப்படி இருக்கும்போதுதான் மகளிர் குழுவில் ஐந்து நாள் இலவசப் பயிற்சி என்று சொன்னார்கள். ஆவுடை தையலுக்குப் பேர் கொடுக்கப் போனாள். "தையலுக்கு ஆள் நெறஞ்சு போச்சுக்கா, அழகுக்கலைக்கும் நெறஞ்சு போச்சு, மண்பாண்டம் மட்டுந்தான் ஆள் இல்லாம கெடக்கு" என்றார்கள். பேர் கொடுக்க வந்துவிட்டுச் சும்மா திரும்ப வெட்கமாக இருந்ததால் அதற்குக் கொடுத்தாள். பழைய பருத்தி ஜின்னிங் கொட்டகையில் வகுப்பு. சொல்லிக்கொடுத்த ரூபிக்கு முப்பது வயதுகூட இருக்காது. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு, கரண்டில் ஓடுகிற சக்கரத்தில் ஒரு பிடி மண்ணை அறைந்து வைத்து, "கைய நனைச்சுக்கிட்டு சும்மா புடிங்கக்கா, அதுவா வரும்" என்றாள்.

அது அதுவாக வந்தது. ஈர மண் உள்ளங்கைக்குள் சுற்றிச் சுற்றி, கட்டைவிரல் இறங்கின இடத்தில் குழிந்து, குழிந்த இடத்தில் எழும்பி, எழும்பின இடத்தில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றபோது யாரோ பலமாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஆவுடை திரும்பிப் பார்த்தாள். கொட்டகையில் இருந்த மற்ற நாலு பெண்களும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிரித்தது அவள்தான்.

ஐந்து நாள் முடிந்தபோது மற்றவர்கள் சர்ட்டிபிகேட்டோடு போய்விட்டார்கள், ஆவுடை ஒரு சட்டியோடு வந்தாள். வாய் கோணி, இடுப்பு ஒரு பக்கம் பிதுங்கி, ஊரில் யாரும் வாங்காத சட்டி. "இதுல கொழம்பு வச்சா பக்கத்து வீட்டுக்குப் போயிரும்க்கா" என்று ரூபி கேலி செய்தாள்.

புதுச் சட்டியை அப்படியே அடுப்பில் ஏற்றக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். அரிசி கழுவின தண்ணீரை ஊற்றி மூன்று நாள் பழக்க வேண்டும். ஆனால் கருத்தப்பாண்டிக்குச் சர்க்கரை, அந்த வீட்டில் கேப்பையும் கோதுமையும்தான், அரிசி கழுவின தண்ணீருக்கு எங்கே போவாள்? ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வீடு வீடாகக் கேட்டாள். சைவக்காரர் வீட்டுப் பொன்னி, சபுராம்மாள் வீட்டுச் சீரகச்சம்பா, ரேஷன் புழுங்கல், பச்சரிசி என்று பதினோரு வீட்டுத் தண்ணீரும் ஒரே வாளியில் விழுந்து, பன்னிரண்டாவதாக ஆவுடை வீட்டு அடுப்பில், ஒரே சட்டியில் மூன்று நாள் கொதித்தது. சட்டி என்ன நினைத்துக்கொண்டதோ, யார் கண்டார்கள். ஒரு வீட்டுத் தண்ணீரைக் குடித்தால் அது ஒரு வீட்டுச் சட்டி. பன்னிரண்டு வீடு சேர்ந்து பழக்கினால் அது எந்த வீட்டை வீடு என்று நினைக்கும்?

நாலாம் நாள் ஆவுடை அதில் சாளை மீன் குழம்பு கூட்டி, மூடி போட்டு, தீயைக் குறைத்து வைத்துவிட்டு, துணி உலர்த்திவிட்டு வந்து திறந்தாள். உள்ளே முருங்கைக்காய்ச் சாம்பார் இருந்தது.

அவள் மூடியை ஒருதரம் மூடி, மறுபடி திறந்தாள். சாம்பார்தான். பெருங்காயம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. நான்தான் சாம்பார் வைத்துவிட்டு மீன் வைத்ததாக நினைத்துக்கொண்டேனோ, வயது ஆகிவிட்டதோ என்று அவள் குழம்பி நிற்கையில், மாடிப்படியில் காந்திமதி டீச்சர் இறங்கி வந்தார். சுத்த சைவம், முட்டை விற்கிறவன் தெருவில் போனாலே ஜன்னலைச் சாத்துகிறவர், பிரஷர் குக்கரை இரண்டு கையாலும் உடம்பில் படாமல் நீட்டிப் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"ஆவுடை, இது ஒங்க வீட்டுதா?"

ஆவுடை எட்டிப் பார்த்தாள். "ஆமா டீச்சர், எங்க வீட்டு மீனுதான். ஒங்க சாம்பார் இங்க இருக்கு."

"அப்படியா. காயம் சரியா இருக்கா?"

"கொஞ்சம் கூட டீச்சர்."

"எங்க வீட்டுக்காரர் அப்படித்தான் கேப்பாரு. சரி, இந்தக் குக்கரைப் புளி போட்டு வெளக்கிக் குடு."

அன்றைக்கு இந்த இரண்டு வீடு மட்டும் மாறவில்லை. ஆவுடையின் சட்டி அடுப்பில் மூடியோடு உட்கார்ந்த நேரத்தில் பிளாக்கில் எந்தெந்தப் பாத்திரம் மூடியிருந்ததோ அத்தனையும் வீடு மாறிப் போயிருந்தது. ஏழாம் நம்பர் ரசம் இரண்டுக்கும், இரண்டாம் நம்பர் அவியல் பதினொன்றுக்கும், சபுராம்மாளின் நெய்ச்சோறு வேலைக்குப் போகிற இரண்டு பையன்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அந்தப் பையன்கள் வைத்த நூடுல்ஸைத் திறந்து பார்த்த சபுராம்மாள், "அல்லாவே, இதைத் தின்னுட்டா இவனுக உசுரோட இருக்கானுக" என்று கண் கலங்கியதாகக் கேள்வி.

ஆச்சரியப்பட யாருக்கும் நேரம் இல்லை, சாப்பாட்டு நேரம் பாருங்கள். அவரவர் வீட்டுக்கு வந்ததை அவரவர் சாப்பிட்டார்கள். சாயந்தரம் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கூட்டம் போட்டார்கள். அங்கே யாரும் இது எப்படி நடந்தது என்று கேட்கவில்லை, இனி எப்படி நடத்துவது என்றுதான் கேட்டார்கள். இரண்டு பேர் இருக்கிற வீட்டுக் குழம்பு ஆறு பேர் இருக்கிற வீட்டுக்குப் போனால் என்ன செய்வது? எல்லா வீட்டிலும் நாலு பேருக்குச் சமைப்பது. மூடி எப்போது போடுவது? பதினொன்றரைக்கு, மோட்டார் போடுகிற நேரத்தில், மோட்டார் சத்தம் கேட்டதும் எல்லாரும் மூடலாம். கவிச்சி? புதனும் ஞாயிறும் மட்டும். அந்த இரண்டு நாளும் டீச்சர் வீட்டில் அடுப்பு மூட்டாமல் தயிர்ச்சோறு. இதைக் கேட்டு டீச்சரின் வீட்டுக்காரர் மட்டும், "புதன் கிழமை அடுப்பு எரிஞ்சாத்தான் என்ன" என்று முனகினார். டீச்சர் திரும்பிப் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிக்கொண்டார்.

செயலாளர் செல்லத்துரை இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டார். எட்டாம் நம்பர் வீட்டுக்காரர், கண்டிப்பான ஆள், மோட்டார் சுவிட்சுக்கே பூட்டுப் போட்டுச் சாவியை அரைஞாணில் கட்டியிருப்பவர்.

அதற்கப்புறம் அந்த பிளாக் பட்ட பாட்டை என்ன சொல்ல. யாருடைய குழம்பை யார் தின்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வந்த குழம்பைப் புருஷன் பாராட்டினால், அது தன் கையா அடுத்தவள் கையா என்று தெரியாமல், சந்தோஷப்படுவதா சண்டை போடுவதா என்று பெண்கள் திகைத்து நின்றார்கள். ஆண்கள் அதைவிட மோசம், நல்லா இருக்கு என்றால் ஆபத்து, நல்லா இல்லை என்றால் அதைவிட ஆபத்து. பருப்பில்லாத சாம்பார் வந்த அன்றைக்கு எந்த வீட்டிலோ மாசக் கடைசி என்று தெரிந்தது. தீய்ந்த பொரியல் வந்த அன்றைக்கு எந்த வீட்டிலோ அழுகை என்று தெரிந்தது. மறுநாள் எல்லாரும் பருப்பைக் கூடப் போட்டார்கள், எல்லாரும் மாடிப்படியில் கொஞ்சம் மெதுவாகப் பேசினார்கள். எந்த வீடு என்று தெரியாததால் எல்லா வீட்டையும் அந்த வீடாகவே நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கருத்தப்பாண்டிக்கு வாய் திறந்துவிட்டது. அதுதான் பெரிய குழப்பம். இருபத்தேழு வருஷம் பேசாத மனுஷன் கேப்பைக் களியைப் பிசைந்து, மோந்து பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு, "இது வெந்தயத்தைக் கடைசில போடுத கையி. மூணாவது மாடியா இருக்கும்" என்று சொல்ல ஆரம்பித்தார்.

"என் கொழம்பு எப்படி இருக்கும்னு தெரியுமா ஒங்களுக்கு?" என்று ஆவுடை ஒரு நாள் கேட்டாள்.

அவர் யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். "அது இங்க வர மாட்டேங்குதே. வந்தா சொல்லுதேன்" என்றார்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, சட்டுவத்தால் ஒன்று போடலாம் என்றும் வந்தது.

ஆனால் அவளுக்கு வேறொன்றும் ஆகிக்கொண்டிருந்தது, அது என்னவென்றுதான் பிடிபடவில்லை. யாருக்கு என்று தெரியாமல் சமைக்கையில் கை முன்பு போல இல்லை. புளியைக் கரைக்கும்போதே, இது யார் வாய்க்கோ என்று நினைத்து இன்னும் ஒருதரம் கசக்கினாள். ஒரு மத்தியானம் மாடிப்படியைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, எந்தக் கதவுக்குப் பின்னாலோ ஒரு குரல், "யாருட்டி இந்தப் புளிக்கொழம்பு வச்சது, அந்தக் கையைப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிடணும்" என்றது. அவளுடைய குழம்புதான். ஆவுடை விளக்குமாறைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். நெஞ்சுக்குள் ஏதோ குறுகுறு என்றது, காது சூடானது, கால் தரையில் பாவவில்லை. பயிற்சி முடிந்தும் விடாமல் செவ்வாயும் சனியும் போய்வந்த ரூபியின் கொட்டகையில் சக்கரத்துக்கு முன்னால் உட்காரும்போதும் இதே குறுகுறுப்பு. பிரஷராக இருக்கும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டரம்மா பட்டையைக் கட்டிக் காற்றடித்துப் பார்த்தார். "பிரஷர் சரியா இருக்கே. தலைசுத்தல் உண்டா?"

"இல்ல."

"தூக்கம்?"

"நல்லா வருது. முன்னாடிதான் வராது."

"பசி?"

"அது கேக்கவே வேணாம்மா. ஆனா நெஞ்சுக்குள்ள என்னமோ குறுகுறுங்குது. காலையில எந்திரிக்கயிலயே, இன்னைக்கு என்ன செய்யப் போறோம்னு ஒரு இது. ஒரு மாதிரி... சீக்கிரம் விடியணும்போல."

டாக்டரம்மா பட்டையை அவிழ்த்தார். "சந்தோஷமா இருக்கீங்களோ?"

"அப்படியா இருக்கும்?" என்று ஆவுடை சந்தேகமாகக் கேட்டாள். "இந்த வயசுலயா?"

மாத்திரை எழுதித் தரவில்லை என்று அவளுக்குக் குறைதான். எழுதித் தந்திருந்தால் நோய் என்று நிச்சயமாகியிருக்கும். ஒன்றும் தராததால் டாக்டரம்மா சொன்னது நிஜமா விளையாட்டா என்று தெரியாமல், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீடு வரை நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

இந்த நேரத்தில்தான் அது நடந்தது. செல்லத்துரையின் வீட்டுக்காரி செண்பகவல்லிக்கு இருதயத்தில் கோளாறு. உப்பு சேர்ந்தால் உடம்பில் தண்ணீர் கோத்துக்கொள்ளும், ஒரு வருஷமாக உப்பே கூடாது. அவள் வீட்டில் வைக்கிறதெல்லாம் உப்பில்லாத கூட்டு, உப்பில்லாத ரசம். அது யார் வீட்டுக்குப் போனாலும், "இன்னைக்கு எட்டாம் நம்பரு" என்று தலையிலடித்துக்கொண்டு உப்பைத் தூவித் தின்பார்கள். அவள் வீட்டுக்கு வருகிற குழம்பைச் செல்லத்துரையும் அவளுக்காகத் தொடுவதில்லை, அது அப்படியே அக்கம்பக்கத்துக்குப் போய்விடும். அவள் தொடவே கூடாது, அவளுக்கென்று தனியாக ஒரு கிண்ணம் கஞ்சியை மூடாமல் எடுத்து வைத்துவிட வேண்டும் என்று கரும்பலகையில் எழுதியே இருந்தது. எழுதியிருந்து என்ன செய்ய? ஒரு புதன்கிழமை ஆவுடை நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். அன்று அது நேரே எட்டாம் நம்பருக்குப் போயிருந்தது. மறுநாள் செண்பகவல்லிக்குக் கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கி, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

ஆவுடை இரண்டு சாத்துக்குடியை வாங்கிக்கொண்டு ஓடினாள். கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, "எக்கா, என் சட்டியாலதான் இம்புட்டும். மன்னிச்சிருங்க" என்று அழுதாள். செல்லத்துரை மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். செண்பகவல்லி வாசலை ஒருதரம் பார்த்துவிட்டு அவளைக் குனியச் சொன்னாள்.

"ஏட்டி, அழாத. மூடியத் தொறக்கும்போதே வாசனை சொல்லிருச்சு, கருவாடுன்னு. தெரிஞ்சேதான் தின்னேன்."

"எக்கா!"

"ஒரு வருஷமாச்சு நாக்குல ருசின்னு ஒண்ணு பட்டு. ரெண்டு வாயின்னு நெனச்சேன். சட்டிய வழிச்சுத்தான் நிறுத்துனேன்." அவள் மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தாள். "அவுககிட்ட சொல்லிராத, தெரியாமத் தின்னுட்டேன்னு நெனச்சிருக்காக. ஒரு வருஷமா எனக்காக உப்பில்லாமத் திங்காக. மனுஷன் மனசு விட்டுப் போயிரும். இன்னொண்ணு சொல்லுதேன். என் கையால வச்சத நாங்க ரெண்டு பேரத் தவிர யாரும் தொட மாட்டாக, வீட்டுக்கு வந்தவுககூட காப்பிய மட்டும் குடிச்சிட்டு ஓடிருவாக. இப்ப மூடியப் போடும்போது, இது இன்னைக்கு யாரு வீட்டுக்குப் போவுதோன்னு நெனைக்கேன் பாத்துக்கோ... அதுக்காகவே எந்திரிச்சு நிக்கேன்டி."

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். செல்லத்துரை நின்றுகொண்டே பேசினார். "எனக்கு யார் மேலயும் வருத்தம் இல்ல. ஆனா அந்தச் சட்டி இருக்க வரைக்கும் என் வீட்ல உசுருக்கு உத்தரவாதம் இல்ல. அடுத்த ஞாயித்துக்கெழம மத்தியானம், எல்லார் முன்னாலயும் அதை ஒடச்சிரணும். ஆவுடையே ஒடச்சா மரியாத."

சபுராம்மாள் சேலை முந்தியைக் கசக்கினாள். அந்த வாடகைப் பையன்கள் இரண்டு பேரும் சாவு வீட்டில் நிற்கிற மாதிரி நின்றார்கள். இனிமேல் அவர்களுக்கு நூடுல்ஸ்தானே. ஆவுடைக்குச் சொல்ல ஒரு வார்த்தை இருந்தது, அதைத்தான் சொல்லக் கூடாது என்று செண்பகவல்லி வாக்கு வாங்கியிருந்தாள். செல்லத்துரை சொல்வதிலும் தப்பில்லையே. தன் நெஞ்சுக் குறுகுறுப்புக்காக இன்னொருத்தி நெஞ்சு நிற்கலாமா? அவள் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

திங்கட்கிழமை காலையில் செவ்வாய் வரும்வரை பொறுக்காமல் கொட்டகைக்குப் போனாள். ரூபி காதிலிருந்து பாட்டைக் கழற்றினாள். "சட்டிய ஒடைக்கச் சொல்லிட்டாங்களாமே?"

"ஆமா."

"அப்ப எதுக்குக்கா மண்ண எடுக்கீங்க?"

"தெரியலட்டி" என்றாள் ஆவுடை. நிஜமாகவே தெரியவில்லை. மனசு ஒரு பக்கம் அழுதுகொண்டிருக்க, கை அது பாட்டுக்கு மண்ணைப் பிசைந்தது. பெரிதாக ஒன்றும் எழுப்பத் தோன்றவில்லை. சின்னதாக, உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி ஒரு கிண்ணம் வந்தது. அதை அறுத்து வைத்துவிட்டு அடுத்ததுக்கு மண்ணை அறைந்தாள், அதுவும் கிண்ணம். சக்கரம் சுற்றச் சுற்ற அழுகை நின்று அந்தப் பாழாய்ப்போன குறுகுறுப்பு வந்து உட்கார்ந்துகொண்டது, வெட்கமில்லாமல், கூப்பிடாமல். நாலாவது கிண்ணத்துக்கும் ஐந்தாவது கிண்ணத்துக்கும் நடுவில் அவள் சக்கரத்தை நிறுத்தினாள். ஈரக்கையோடு கொஞ்ச நேரம் கிண்ணங்களையே பார்த்தாள். அப்புறம் தனியாகத் தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டு, மொத்தம் பன்னிரண்டு கிண்ணம் செய்துவிட்டுத்தான் எழுந்தாள்.

சித்திரை வெயில், நாலு நாளில் காய்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை ரூபி சூளை வைத்தாள். சனிக்கிழமை ஆவுடை மாடிப்படி ஏறினாள். ஒவ்வொரு வீட்டிலும் ஆண்கள் இல்லாத நேரம் பார்த்து, அடுக்களை வரைக்கும் போய், காதோடு காதாக ஒரே சேதியைச் சொன்னாள்.

"நாளைக்குச் சட்டிக்குக் கடைசி நாளு. ஒங்க வீட்டுக் கொழம்புதான் செண்பகக்காவுக்குப் போவும்னு என் மனசு சொல்லுது. அந்த மகராசி ஆஸ்பத்திரியில இருந்து இப்பத்தான் வந்திருக்கா, ஒரு வாயாவது நிம்மதியாத் திங்கட்டும். உப்பு மட்டும் போட்டுராதீக. யாருகிட்டயும் மூச்சு விடாதீக."

காந்திமதி டீச்சரிடமும் அதையே சொன்னாள். சபுராம்மாளிடமும் அதையே சொன்னாள். வாடகைப் பையன்களிடம் மட்டும், "நாளைக்கு நூடுல்ஸ் வேணாம்யா, ஒரு பருப்பாவது கடைஞ்சு வைங்க, உப்பில்லாம" என்றாள். எட்டாம் நம்பரைத் தவிர எல்லா வீட்டிலும் சொன்னாள். பத்து வீட்டில் ஒரு வீடுகூட அடுத்த வீட்டுக்கு அதைச் சொல்லவில்லை. குழம்பு வீடு மாறியதைக்கூட நம்பிவிடலாம், டி பிளாக்கில் ஒரு ரகசியம் ஒரு நாள் முழுக்க நின்றதைத்தான் இன்றைக்கும் அந்தப் பக்கம் யாரும் நம்புவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அமாவாசை. கவிச்சி இல்லை, டீச்சர் வீட்டிலும் அடுப்பு எரிந்தது, சபுராம்மாளும் பக்கத்து வீட்டுக்காரர்களை நினைத்து எலும்பு போடாமல் கத்தரிக்காய் தாளிச்சா வைத்தாள். பதினொன்றரைக்கு மோட்டார் சத்தம் கேட்டது. பன்னிரண்டு வீட்டிலும் மூடி விழுந்தது.

வீட்டுக்கு வீடு தட்டு வைத்தார்கள். பிறகு இரண்டாம் மாடியில் ஒரு சத்தம். "என்னட்டி இது, வைக்கோலத் திங்க மாதிரி இருக்கு!" உடனே மூன்றாம் மாடியில் ஒன்று. கீழ் வரிசையில் ஒன்று. கதவு கதவாகத் திறந்து, ஆண்கள் தட்டுகளைக் கையில் ஏந்தியபடியே மாடிப்படியில் இறங்கித் தொட்டியடிக்கு வந்தார்கள், பின்னாலேயே பெண்கள். கருத்தப்பாண்டி முதல் ஆளாக நின்றார்.

"மூணு வீட்டுத் தட்டுல நக்கிப் பாத்துட்டேன், ஒண்ணுலயும் உப்பு இல்ல! எல்லாமே எட்டாம் நம்பரா?"

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். "ஒன் வீட்லயுமா?" என்று டீச்சர் சபுராம்மாளைக் கேட்டார். "அப்ப ஒங்க வீட்லயுமா டீச்சர்?" என்றாள் சபுராம்மாள். பார்வை பத்துப் பேரையும் சுற்றி ஆவுடை மேல் வந்து நின்றது. அவள் தொட்டிக்குக் கீழே சிமெண்டுத் திண்டில் கோணச் சட்டியை வைத்து, பக்கத்தில் துணி மூடின ஒரு கூடையோடு நின்றுகொண்டிருந்தாள்.

செல்லத்துரை ஒரு கையில் தட்டும் இன்னொரு கையில் கருங்கல்லுமாக வந்தார். கூச்சலைக் கேட்டு அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு வாய் எடுத்துப் போட்டு மென்றார். "எதுக்கு இப்படிக் கத்துதீக? நல்லாத்தானே இருக்கு?" என்றார். ஒரு வருஷம் உப்பில்லாமல் தின்ற நாக்கு. அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் குழம்பின் ருசியை ருசியாகவே கண்டுகொண்டிருந்தார்.

அவருக்குப் பின்னால் செண்பகவல்லி மெதுவாக நடந்து வந்தாள். அவள் தட்டில் தாளிச்சா. "இது சபுரா வீட்டுதுதானே? இதுல உப்பு இல்லையே. நான் திங்கலாம்ல?" என்று கேட்டாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. பதிலுக்கு நிற்கவும் இல்லை, நின்றபடியே தின்ன ஆரம்பித்தாள்.

ஆவுடை கூடையின் துணியை எடுத்தாள். உள்ளே பன்னிரண்டு கிண்ணம், சுட்ட செங்கல் நிறத்தில், ஒன்றுபோல ஒன்று இல்லாமல். பதினொன்றில் கல்லுப்பைப் பொடித்து நிரப்பியிருந்தாள்.

"உப்பு சட்டிக்குள்ள இருந்தாத்தான, செயலாளரய்யா, வீடு மாறிப் போவும்? இனிமே தட்டு ஓரத்துல இருக்கட்டும். வேணுங்கிறவுக வேணுங்க மட்டும் தொட்டுக்கிடுங்க. வீட்டுக்கு ஒண்ணு" என்று சொல்லி ஒவ்வொன்றாக நீட்டினாள்.

கருத்தப்பாண்டி ஒரு சிட்டிகை எடுத்துத் தூவினார், பிசைந்தார், வாயில் வைத்தார். கண்ணை மூடினார். திறந்தார். "ஏ, இது..." என்று ஆரம்பித்து, தட்டைப் பார்த்து, பெண்டாட்டியைப் பார்த்து, "இது ஒன் கொழம்புட்டி, இன்னைக்கு நம்ம வீட்டுக்கே வந்திருக்கு. புளிய ரெண்டுதரம் கசக்கியிருக்க" என்றார். எல்லாரும் தூவிக்கொண்டார்கள். தொட்டியடியில் சோறு பிசைகிற சத்தம் மட்டும் கேட்டது.

"தெனமுமா இப்படி?" என்று செல்லத்துரை கேட்டார். "தெனமும் பன்னெண்டு வீடும் எனக்காக... இவளுக்காக உப்பில்லாமச் சமைப்பீகளா?"

"சமைக்கும்போது கைய நீட்டிப் போடுற உப்ப, திங்கும்போது கைய நீட்டிப் போடப் போறோம். இதுல என்ன கஷ்டம்?" என்றார் காந்திமதி டீச்சர், பள்ளிக்கூடத்துக் குரலில். "மொதல்ல அந்தக் கல்லக் கீழ போடுங்க. சாப்பிடும்போது ஆம்பள கையில கல்லு எதுக்கு?"

செல்லத்துரை கையைப் பார்த்தார், கல் இருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி. அதைத் திண்டுக்கு அடியில் வைத்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

கூடையில் ஒரே ஒரு கிண்ணம் மிச்சம் இருந்தது, உப்பில்லாத வெறுங்கிண்ணம். செண்பகவல்லி மற்றவர்கள் கையிலிருந்த உப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள், பார்த்ததை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டாள். ஆவுடை அந்தக் கடைசிக் கிண்ணத்தை எடுத்துப் போய் அவளுக்கு முன்னால் சிமெண்டுத் திண்டில் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்த கிண்ணத்தின் அடியில் சின்னதாக ஒரு குழி இருந்தது, சக்கரத்திலிருந்து அறுத்த கையோடு கட்டைவிரலால் அதற்கென்றே அழுத்தி எடுத்த குழி. முந்தானை முடிச்சை அவிழ்த்து, உப்புக்குப் பதில் பிழிந்துகொள்ள அறுத்த எலுமிச்சம்பழம் ஒரு பாதியை எடுத்து அந்தக் குழியில் உட்கார வைத்து, கிண்ணத்தைச் செண்பகவல்லியின் தட்டுப் பக்கமாக ஒரு விரலால் நகர்த்தினாள்.